பெல்ட் வண்டியா, டயர் வண்டியா? நெல் அறுப்பு மெஷின் பற்றிய கேள்விகள்

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு வேலி (சுமார் ஆறே முக்கால் ஏக்கர்) சம்பா போட்டிருக்கிறோம். களிமண். டயர் மெஷினுக்கு வாடகை மணிக்கு எழுநூறு ரூபாய் குறைவு என்கிறார்கள். சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டையில் ஓடும் பெல்ட் மெஷின்தான் வேண்டும் என்று காத்திருக்க வேண்டுமா?

பதில்: மணி வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏக்கருக்கு என்ன ஆகிறது என்று கணக்குப் போடுங்கள். வேளாண் பொறியியல் துறை அண்மைப் பருவங்களில் அறிவித்த வாடகை டயர் வகைக்கு மணிக்கு 1,160 ரூபாய், பெல்ட் வகைக்கு 1,880 ரூபாய். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.62 வரும். பெல்ட் வண்டி ஒரு மணி நேரத்தில் முடிக்கும் ஏக்கரை டயர் வண்டி 1 மணி 37 நிமிடத்துக்குள் முடித்தால்தான் டயர் லாபம். அதற்கு மேல் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் கைக்காசு. தனியார் வண்டி என்றாலும் அவர்கள் சொல்லும் இரண்டு வாடகையையும் இதேபோல் வகுத்துப் பாருங்கள்.

காய்ந்த கொல்லையில் டயர் வண்டி இந்த நேரத்துக்குள் தாராளமாக முடித்துவிடும். ஈரம் இருந்தால் கதை வேறு. முன் சக்கரம் வழுக்கும். ஓட்டுநர் கியரைக் குறைப்பார், நீர் தேங்கிய மூலையைச் சுற்றிக்கொண்டு போவார், விட்ட பயிரை அறுக்க மறுபடி வருவார். அத்தனைக்கும் ஹவர் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். சாய்ந்த பயிராக இருந்தால் பெல்ட் வண்டிக்கே ஏக்கருக்கு ஒன்றரை மணி, இரண்டு மணி ஆகும். ஈரத்தோடு சாய்ந்து கிடக்கும் கொல்லையில் டயர் வண்டியை இறக்கவே வேண்டாம்.

இதற்குக் காரணம் எடை மட்டுமல்ல, அந்த எடை எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதும்தான். டெல்டாவில் ஓடும் இரண்டு மீட்டர் வெட்டு அகலப் பெல்ட் வண்டி ஏறக்குறைய 3 டன். அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலமும் ஒன்றே முக்கால் மீட்டர் நீளமுமாக இரண்டு பெல்ட் தரையில் படிந்தால், சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம் அளவில்தான் அழுத்தம் வருகிறது. 14 அடி வெட்டு அகல டயர் வண்டியோ 8 டன் அளவில் இருக்கும். அதில் பெரும்பங்கு முன் சக்கரம் இரண்டின் மேல் உட்காரும். அங்கே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவைத் தாண்டும். இது சராசரிக் கணக்கு. பெல்ட்டிலும் அதை உள்ளிருந்து தாங்கும் உருளைகளான ரோலர்களுக்கு நேர் கீழே அழுத்தம் கூடும். நெல் தொட்டி நிறைந்தால் எடை ஒரு பக்கம் சாயும். ஆனாலும் இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரியது.

முடிவெடுக்க மெஷின் தரகரைக் கேட்க வேண்டாம், கொல்லையில் இறங்கி நடந்து பாருங்கள். நடுக்கொல்லை, வடிகால் பக்கம், பள்ளமான மூலை ஆகிய மூன்று இடத்திலும் குதிகாலை ஊன்றி முழு எடையையும் அதன் மேல் போடுங்கள். தடம் மட்டும் விழுந்தால் டயர் போதும். குதிகால் அழுந்தி, காலை எடுத்ததும் குழியில் நீர் ஊறினால் பெல்ட். கணுக்கால் வரை போனால் பெல்ட் வண்டியும் வேண்டாம், இரண்டு மூன்று நாள் பொறுங்கள். வரப்போரம் நின்று பார்த்துவிட்டுச் சரி என்று சொல்வதால்தான் பாதி வண்டிகள் நடுக்கொல்லையில் புதைகின்றன.

பெரும்பாலான சேதத்தை முன்கூட்டியே தடுக்கலாம். அறுப்புக்கு 10 நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். கனத்த களி என்றால் இன்னும் சில நாள் முன்னால். வடிமடையை உடைத்தால் மட்டும் போதாது. பள்ளமான மூலையிலிருந்து வடிகால் வரை மண்வெட்டியால் ஒரு சிறு வாய்க்கால் இழுத்துவிட வேண்டும்.

நெல் தரிசில், அதாவது நெல்லுக்குப் பின் அதே வயலின் ஈரத்தில் வளர, உளுந்து, பயறு தெளிப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆள் வைத்து அறுத்த காலத்து வழக்கப்படி ஒரு வாரம் முன்பே தெளித்தால், முளைத்த பயிரின் மேல்தான் வண்டி போகும். மெஷின் அறுப்பு என்றால் வண்டி வரும் நாளை உறுதி செய்துகொண்டு, அதை ஒட்டியே தெளியுங்கள். டயர் பதிந்த தடத்தில் நீர் நின்று விதை அழுகும், காய்ந்த பிறகு அந்த இடம் இறுகிப் பாளமாகும். பெல்ட் வண்டியிலும் திரும்பும் மூலையில் மண் குவியலாக ஒதுங்கும். ஓட்டுநரிடம் ஒரே இடத்தில் சுழற்றித் திருப்பாமல், முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பச் சொல்லுங்கள்.

வண்டியை இறக்கும் முன் பேசி முடிக்க வேண்டியவை: மணி எப்போது தொடங்குகிறது, நெல் கொட்டும் நேரம் சேருமா, பழுது நேரம் கழியுமா, லாரிச் செலவு யாருடையது. பெல்ட் வண்டி சாலையில் ஓடாது, லாரியில்தான் வரும். ஆகவே ஒரு வேலிக்குத் தனியாக அழைப்பதைவிடப் பக்கத்துக் கொல்லைக்காரர்களோடு சேர்ந்து ஒரே நாளில் முடிப்பது மலிவு. அரசு வண்டிக்கு உழவன் செயலியில் இ-வாடகை வழியாகப் பதியலாம். அறுப்பு நெருக்கத்தில் கிடைப்பது கடினம், முன்பே பதியுங்கள்.

கேள்வி: நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு விட ஒரு மெஷின் வாங்கப் போகிறோம். ஊர் பெரம்பலூர் பக்கம். மக்காச்சோளம் அதிகம், சம்பா கொஞ்சம். பழைய பெல்ட் வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: உங்கள் ஊருக்கு டயர்தான். மானாவாரி மக்காச்சோளம் காய்ந்த தரையில் நிற்கிறது. அங்கே பெல்ட்டுக்கு வேலையே இல்லை, தேய்மானம் மட்டும்தான் மிஞ்சும். ரப்பர் பெல்ட்டுக்குச் சேறு பகையல்ல. காய்ந்த கட்டியும் சரளையும் தார்ச்சாலையும்தான் பகை. டயர் வண்டி பக்கத்து ஊருக்குத் தானே ஓடிப்போகும், உங்களுக்கு லாரிக் கூலி மிச்சம். மக்காச்சோளத்துக்கு ஏற்ற முன்பகுதியும் டிரம், சல்லடை மாற்றும் வசதியும் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

டெல்டாவுக்கும் அனுப்பிச் சம்பாதிக்கலாம் என்று அந்தப் பெல்ட் வண்டியையே வாங்குவதானால், இன்ஜினைக் கேட்பதற்கு முன் அடியைப் பாருங்கள். பெல்ட்டின் உள்பக்கம் 450×90×51 என்பது போல ஓர் எண் இருக்கும். அகலம் 450 மி.மீ., ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் 90 மி.மீ., மொத்தம் 51 கண்ணி. இரு பக்கமும் ஒரே எண்ணாக, ஒரே அளவு தேய்ந்ததாக இருக்க வேண்டும். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

உள்ளே பதித்த இரும்புக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். ஒன்று கழன்றிருந்தாலும் அந்த இடத்தில் பெல்ட்டை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் வழுக்கும், அடுத்த கட்டையும் சீக்கிரம் போகும். ரப்பர் பிளந்து கம்பி வெளியே தெரிந்தால், ஈரம் ஏறித் துரு பிடித்து ஒரு நாள் நடுச்சேற்றில் அறும். அந்தப் பெல்ட்டுக்கு விலை போடாதீர்கள். ஸ்ப்ராக்கெட் பல் கொக்கி போல வளைந்திருந்தால், புதுப் பெல்ட்டையும் அது தின்றுவிடும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஒவ்வொரு ரோலரையும் கையால் சுற்றுங்கள். கரகரத்தாலோ ஓரத்தில் கிரீஸ் கசிந்தாலோ, சேறு புகாமல் அடைத்திருக்கும் சீல் போய்ச் சேற்று நீர் உள்ளே இறங்கிவிட்டது. வைக்கோல் சுற்றிச் சுற்றி சீலை அறுப்பதுதான் இதற்கு வழக்கமான காரணம்.

வாங்கிய பிறகு பெல்ட் இழுவிசையை வாரம் ஒருமுறை கையேட்டு அளவுப்படி பாருங்கள். தளர்ந்தால் வரப்பு ஏறும்போது கழன்றுவிடும், அதிகம் இறுக்கினால் ரோலர் பேரிங் போகும். வரப்புக்கு நேர் எதிரே வந்து ஏற வேண்டும், சாய்வாக ஏறக்கூடாது. பருவம் முடிந்ததும் சேற்றைக் கழுவி, டீசலும் எண்ணெயும் பட்ட இடத்தைத் துடைத்து, நிழலில் பலகை மேல் நிறுத்துங்கள்.

பெல்ட் செலவை வாடகையில் முதலிலேயே சேருங்கள். ஜோடி ஒன்றரை லட்சம் என்று விற்பனையாளர் சொன்னால், ஆயிரம் மணி நேர உழைப்புக்கு வகுத்து, மணிக்கு 150 ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள். இதை ஒதுக்காத குழுக்கள் இரண்டாம் பருவத்தில் கடன் வாங்குகின்றன.

புதிய வண்டி என்றால் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயி, பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம், உச்சவரம்புக்கு உட்பட்டு. அனுமதி ஆணை கைக்கு வருமுன் முழுப் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்களிடம் டயர் வண்டி இருக்கிறது. காற்றைக் குறைத்தால் சேற்றில் புதையாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: ஓரளவு உண்மை. தரையில் விழும் அழுத்தம் டயரின் காற்றழுத்தத்தை ஒட்டியே இருக்கும். ஆனால் டயர் நிறுவனம் அந்த எடைக்குக் கொடுத்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் பக்கச்சுவர் மடிந்து வெடிக்கும், ரிம்மில் டயர் வழுக்கி டியூப் வால்வைப் பிய்க்கும். அதைவிட உடனே பலன் தருவது தொட்டியை நிரப்பாமல் அறுப்பது. 2 கன மீட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன்னுக்கு மேல் நெல். ஈரக் கொல்லையில் அரைத் தொட்டியிலேயே கொட்டிவிடுங்கள்.

புதைந்துவிட்டால் சக்கரத்தைச் சுழற்ற வேண்டாம், ஆழம்தான் கூடும். தொட்டியைக் காலி செய்து, சக்கரத்துக்கு முன்னால் சரிவாக மண்ணை வெட்டிப் பலகை போட்டு, அதற்கென உள்ள கொக்கியில் கட்டி மெல்ல இழுங்கள். கயிறு விறைக்கும்போது அதன் பக்கத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது. அறுந்த இரும்புக் கயிறு காலை முறிக்கும்.