வன்னி வீதிப் பாதுகாப்பு: கேள்வி பதில்

கிராம அபிவிருத்திச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு எண்டு ஊர்மட்டத்தில வீதிப் பாதுகாப்பு வேலை தொடங்கிற ஆக்களுக்கான பகுதி இது. நட்டஈடு, காப்புறுதி, வழக்கு என்ர துறை இல்லை.

புளியங்குளம்: அண்ணை, எங்கட வளைவில அடிக்கடி அடிபடுறாங்கள். சங்கத்தில கதைச்சுக் கதைச்சே களைச்சுப் போனம். எங்க தொடங்கிறது?

ஒரு சிஆர் கொப்பியில தொடங்குங்கோ. திகதி, நேரம், கிலோமீற்றர் கல்லில இருந்து எவ்வளவு தூரம், எந்தப் பக்கத்தால வந்தது, என்ன வாகனம், வெளிச்சமோ இருட்டோ, மழையோ வெயிலோ. செத்தவையை மட்டும் எழுதினால் மூண்டு வருசத்துக்கு நாலு வரிதான் இருக்கும், அதில ஒண்டும் பிடிபடாது. சைக்கிளோட சறுக்கினது, பிரேக் பிடிச்சு மயிரிழையில தப்பினது, வேலியை உடைச்சது எல்லாம் எழுதவேணும். ஆறு மாதத்தில “இரவு, மழை, தெற்கால வாறவை” எண்டு ஒரு முகம் தெரியும். அதுக்குப் பிறகுதான் மருந்து.

அடுத்தது வேகம். றேடர் துவக்கு தேவையில்லை. வீதிக் கரையில 100 மீற்றர் நாடா பிடிச்சு அளந்து, இரண்டு அந்தத்திலயும் அடையாளம் வையுங்கோ. முதல் அடையாளத்தில நிக்கிறவர் கையைக் காட்ட, மற்றதில நிக்கிறவர் போன் நிறுத்தற்கடிகாரத்தை அமத்தவேணும். 360ஐ வந்த செக்கனால பிரிச்சால் மணிக்குக் கிலோமீற்றர். 5.1 செக்கன் எண்டால் 70. 50 மீற்றரில அளக்கிறதெண்டால் 180ஐப் பிரியுங்கோ, ஆனால் அதில விரல் கொஞ்சம் பிந்தினாலும் கணக்குப் பத்துக் கிலோமீற்றர் பிழைக்கும். முன்னால வேற வாகனம் மறிக்காமல் ஓடி வாறதை மட்டும் எடுத்து, நூறு சேருங்கோ. கூடினதில இருந்து குறைஞ்சதுக்கு அடுக்கி, மேலயிருந்து பதினாறாவதைப் பாருங்கோ. நூறில எண்பத்தைஞ்சு பேர் அந்த வேகத்தில அல்லது அதுக்குக் கீழ ஓடுகினம். பொறியியலாளரோட கதைக்கிற இலக்கம் அதுதான். ஒண்டு சொல்லுறன்: மினுங்கிற மேலங்கி போட்டுக்கொண்டு அளக்கப் போகாதேங்கோ. பொலிஸ் எண்டு நினைச்சு எல்லாரும் பிள்ளையார் கோயில் தேர் மாதிரி ஊர்ந்து போவினம்.

கடிதம் எழுத முதல் வீதி ஆற்றை எண்டு பாருங்கோ. ஏ, பி தர வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. உள்வீதி பெரும்பாலும் பிரதேச சபைக்கு. பிழையான கந்தோருக்குப் போன கடிதம் அங்கேயே படுத்திடும்.

விசுவமடு: ஏ35இல பள்ளிக்கூடத்துக்கு முன்னால நாங்களே காசு சேர்த்து சீமெந்தில வேகத்தடை போடலாமோ?

போடாதேங்கோ. ஊராக்கள் போடுற தடை அனேகமா ஒண்டரை அடி அகலம், அரை அடி உயரம். அது தடை இல்லை, மதில். ஒழுங்கான வட்டத் தடை வாகனம் ஓடுற திசையில 3.7 மீற்றர் நீளம், நடுவில 7.5 தொடக்கம் 10 சென்ரிமீற்றர் உயரம். குறுகின தடையில மெதுவாப் போற காருக்குத்தான் இடி, வேகமாப் போற மோட்டார் சைக்கிள் அப்பிடியே எம்பும். பின்னால ஒருபக்கம் கால் போட்டு இருக்கிற பொம்பிளைதான் முதல் விழுவா. உழவு மெசின் இழுக்கிற பெட்டியின்ர கொழுவல் ஊசி துள்ளிக் கழரும். மாரியில தடைக்கு மேற்பக்கம் தண்ணி தேங்கித் தார் கிளம்பும். வெள்ளைக் கோடும் முன்னறிவிப்புப் பலகையும் இல்லாட்டி இரவில அது பொறி. ஆராவது விழுந்தால் அனுமதி இல்லாமல் கட்டின சங்கத்தின்ர தலையிலதான் வந்து விடியும்.

ஏ தர வீதிக்கு அதிகார சபையிட்டக் கேட்கவேண்டியது அதிர்வுக் கோடும் (சில்லு ஏறினால் குலுக்கிற தடிச்ச கோடு), பலகையும், பாதசாரிக் கடவையை ஒழுங்கான இடத்துக்கு மாத்திறதும். மேல சொன்ன வேக அளவை இணைச்சுக் கேளுங்கோ.

கனகராயன்குளம், ஆசிரியை: பிள்ளைகளை ஏ9 கடத்த பெற்றோரை நிப்பாட்டப் போறம். என்ன கவனிக்கவேணும்?

நல்ல வேலை ரீச்சர், கணக்கோட செய்யுங்கோ. சின்னப் பிள்ளை செக்கனுக்கு ஒரு மீற்றர் நடக்கும். தாரும் கரையும் சேர்த்துப் பத்துச் செக்கன் வேணும். 70இல வாற வாகனம் பத்துச் செக்கனில கிட்டத்தட்ட 195 மீற்றர் வந்திடும். அப்ப இரண்டு பக்கமும் 200 மீற்றர் தெரியாத இடத்தில கடத்தக்கூடாது. பற்றை மறிச்சால் வெட்டுங்கோ, வளைவு மறிச்சால் இடத்தை மாத்துங்கோ.

பக்கத்துக்கு ஒராளா இரண்டு பேர். பிள்ளைகளைப் பத்துப் பதினைஞ்சாச் சேர்த்து ஒரே முறையில கடத்துங்கோ, ஒவ்வொண்டா விடவேண்டாம். பலகையைத் தூக்கிக்கொண்டு வாகனத்துக்குக் குறுக்க பாயிறேல்லை. இடைவெளி வரும்வரை பாத்து, அதில இறங்கிறது. பெற்றோருக்கு வாகனம் மறிக்கிற அதிகாரம் இல்லை, முதலே பொலிஸ் பொறுப்பதிகாரியோட கதைச்சுப் போக்குவரத்துப் பொலிஸாரைக் கொண்டு பழக்கி எடுங்கோ.

எல்லாத்திலும் மலிவான வேலை பஸ் நிக்கிற இடம். கடவையைத் தாண்டினாப் பிறகு பஸ் நிண்டால் பிள்ளை பஸ்ஸுக்குப் பின்னால கடக்கும். கடவைக்கு முதல் நிண்டால் பஸ்ஸுக்கு முன்னால வெளிக்கிட்டு, முந்திக்கொண்டு வாற டிப்பருக்கு நேர போகும். கடவை தாண்டி இருபது மீற்றர் தள்ளி நிப்பாட்டச் சொல்லி சாரதிமாரோட கதைக்கச் சதச் செலவில்லை.

ஒட்டுசுட்டான்: உழவு மெசின் பெட்டிக்கு ஒட்டின மினுங்கல் நாடா ஒரு போகத்தில உரிஞ்சு போச்சு. அதோட இரவில மினுங்கவும் இல்லை.

மினுங்காட்டி நீங்கள் வாங்கினது ஒளிதெறி நாடா இல்லை, வெறும் பளபளப்பு நாடா. கடையிலேயே சோதிக்கலாம். பத்து மீற்றர் தள்ளி நிண்டு ரோச் லைற்றைக் கண்ணுக்குப் பக்கத்தில பிடிச்சு அடியுங்கோ. நெருப்புப் பத்தினமாதிரித் திருப்பி எரிஞ்சால் சரி. ரோச்சை இடுப்பில பிடிச்சால் நல்ல நாடாவும் மங்கலாத்தான் தெரியும், ஏமாறாதேங்கோ.

உரியிறது புழுதியாலயும் எண்ணெயாலயும். சவர்க்காரத்தால கழுவிக் காயவிட்டு, ஸ்பிரிட்டால துடைச்சு, வெயில் சூட்டில ஒட்டித் துணியால அழுத்துங்கோ. மரப்பலகையில நேர ஒட்டினால் நிக்காது. தகரத்துண்டில ஒட்டித் தகரத்தை ஆணியால அறையவேணும். பின்னுக்குச் சிவப்பு, பக்கத்துக்கு மஞ்சள், இரண்டு அங்குல அகலம். பின்னால இரண்டு மூலையிலயும் கட்டாயம் ஒட்டுங்கோ. நடுவில மட்டும் ஒட்டினால் பின்னால வாறவன் அதை மோட்டார் சைக்கிள் எண்டு நினைச்சு ஓரத்தால வெட்டுவான். இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டர் மெசினின்ர பெட்டிக்கும் இதேதான். வைக்கல் ஏத்தினாப் பிறகு நாடா மறையுதோ எண்டும் பாருங்கோ.

பரந்தன்: வேகத்தடை எத்தினை அடிக்கு ஒண்டு போடலாம்?

விசுவமடுவுக்குச் சொன்னதை வாசியுங்கோ.

நெடுங்கேணி: கட்டாக்காலி மாடுகளுக்குப் பட்டி போடுற திட்டம் சரிவருமோ?

கழுத்துப்பட்டியைத்தானே சொல்லுறியள், மாட்டுப்பட்டியை இல்லையே? இரண்டும் வேணும், கழுத்துப்பட்டியை முதல் பாப்பம். காலபோகத்தில வயலெல்லாம் விதைச்சிருக்கும், நிலம் ஈரம். தார் வீதி காய்ஞ்சது, சூடானது, காத்தில நுளம்பும் குறைவு. மாடு அங்க படுக்காமல் வேற எங்க படுக்கும்? 70இல போறவர் கண்டு, கால் வைச்சு, நிப்பாட்ட காய்ஞ்ச தாரிலேயே 55 மீற்றருக்கு மேல வேணும். தாழ்த்தின லைற் அவ்வளவு தூரம் ஒழுங்காக் காட்டாது. நல்ல ஒளிதெறி நாடா நூறு மீற்றருக்கும் அப்பால தெரியும்.

நாலைஞ்சு சென்ரிமீற்றர் அகல நைலோன் பட்டி, உள்ளங்கை நுழையிற தளர்வு. பட்டி கழுத்தில சுத்தும், அதால நாடா மூண்டு துண்டாவது சுத்திவர இருக்கவேணும். பூட்டுற இடத்தைப் பருத்தி நூலால கட்டுங்கோ. கம்பியிலயோ முள்ளிலயோ மாட்டினால் நூல் அறுந்து மாடு தப்பும். தலையை மடிச்சுப் படுத்தால் கழுத்து மறையும், ஆனபடியால் கொம்பிலயும் ஒரு சுத்து.

வவுனியா, வான் சாரதி: என்ன அண்ணை, மாட்டுக்கு நகை போடுறியளோ? பிடிச்சுக் கட்டித் தண்டம் அடிச்சால் அடுத்த நாள் ஒரு மாடும் நிக்காது.

மாங்குளம், மாட்டுக்காரர்: தம்பி, மேய்ச்சல் தரை எங்க இருக்கெண்டு காட்டும், கட்டுறம். வயலுக்க விட்டால் கமக்காரன் அடிக்கிறான், காட்டுக்க விட்டால் வனவளத் திணைக்களம் மறிக்குது.

வவுனியா, வான் சாரதி: அதுக்கு நான் சாகிறதோ?

இரண்டு பேரும் பொறுங்கோ. பிரதேச சபைக்குப் பிடிக்கிற அதிகாரம் இருக்கு. ஆனால் பிடிச்ச மாட்டுக்கு அடைப்பு, தண்ணி, தீன், காவல் வேணும். அது இல்லாமல் தொடங்கினால் இரண்டாம் கிழமை கைவிடுவினம். தண்டம் மட்டும் எண்டால் வீட்டுக்காரர் மாட்டை “என்னதில்லை” எண்டிடுவார். கழுத்துப்பட்டிக்கும் அந்தப் பயம்தான்: மாடு ஆற்றை எண்டு தெரிஞ்சால் விபத்துக்குப் பிடிப்பாங்கள் எண்டு இரவோட இரவா அறுத்து எறியினம். ஆனபடியால் பட்டியில பேரோ இலக்கமோ எழுதாதேங்கோ. குறி சுட்டது மாட்டில கிடக்குத்தானே.

மேய்ச்சல் தரை நியாயமான கேள்வி, அது பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில தீரவேண்டியது. பகல் மேய்ச்சலுக்கு அங்க கேளுங்கோ. இரவுக்கு அது தேவையில்லை. ஐப்பசியில இருந்து மாசி அறுவடை வரை பொழுதுபட முதல் மாட்டை அடைக்க, வீதியில இருந்து தள்ளின மேட்டு நிலத்தில ஒரு பொதுப்பட்டி போதும். கிரவல் பரப்பி, புகை மூட்டி விட்டால் மாடு தானா வரும். காய்ஞ்ச இடமும் நுளம்பில்லாத இடமும்தான் அது தேடுறது.

மாங்குளம், மாட்டுக்காரர்: காவலுக்குச் சம்பளம் ஆர் குடுக்கிறது?

மாட்டுக்காரர் முறை வைச்சு நில்லுங்கோ. இருபது வீடெண்டால் இருபது நாளைக்கு ஒரு இரவு.

வவுனியா, வான் சாரதி: நடக்கிற காரியமோ?

நீங்கள் இரவில 50இல ஓடுங்கோ, 35 மீற்றரில நிப்பாட்டலாம். அதுவும் நடக்கிற காரியம்தான்.

முரசுமோட்டை: வீதியில நெல் காயவிடுறதை நிப்பாட்ட ஏலாது, வேற வழி?

ஏ35இல வேண்டாம், உள்வீதியில எண்டாலும் ஒரு பக்கம் மட்டும், வளைவிலயும் மதகடியிலயும் இல்லை. நெல்லில மோட்டார் சைக்கிள் சில்லுப் பிடிக்காது, உருளும். ஓரத்துக்குக் கல்லு வைக்காதேங்கோ. நெல்லை அள்ளினாப் பிறகு கல்லு அங்கேயே கிடந்து இரவில ஆளை விழுத்தும். மண் நிரப்பின சாக்கு வையுங்கோ. பொழுதுபட முதல் அள்ளி, கூட்டி விடுங்கோ. கோயில் வெளி, பள்ளிக்கூட மைதானத்தில படங்கு விரிக்க அனுமதி கேட்டுப் பாருங்கோ.

கிளிநொச்சி: றெயில் கடவையில என்ன பயிற்சி குடுக்கலாம்?

இஞ்ச றெயில் பாதை ஏ9ஐ ஒட்டிப் போற இடங்களில கடவை தாண்டினவுடனே பிரதான வீதி. ஏ9இல இடைவெளி பாத்து நிக்கிற மெசினின்ர பெட்டி தண்டவாளத்துக்கு மேல நிக்கும். மெசினையும் பெட்டியையும் சேர்த்து நீளம் அளந்து, கடவைக்கும் ஏ9க்கும் நடுவில அந்த இடம் இருக்கோ எண்டு ஒவ்வொரு சாரதிக்கும் நேர காட்டுங்கோ. அந்த இடம் இல்லாத கடவையில, ஏ9 வெறுமையாத் தெரிஞ்சாப் பிறகுதான் தண்டவாளத்தில ஏறலாம். பாட்டை நிப்பாட்டி, ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தி, இரண்டு பக்கமும் பாக்கவேணும்.

துணுக்காய்: அடிபட்டுக் கிடக்கிறவருக்கு என்ன செய்யிறது?

1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ, கிலோமீற்றர் கல்லைச் சொல்லுங்கோ. தூக்கி ஓட்டோவில மடிச்சு ஏத்தாதேங்கோ, சோடா பருக்காதேங்கோ. மிச்சத்தை செஞ்சிலுவைச் சங்கத்திட்டயோ சென் ஜோன் அம்புலன்ஸிட்டயோ பழகுங்கோ.

முள்ளியவளை: சேர், சீமெந்து இல்லாமல் பழைய ரயரை ஆணியடிச்சு வேகத்தடை...

வேண்டாம். ஆணி மேல வரும்.

மாங்குளம், மாட்டுக்காரர்: பொதுப்பட்டிக்குக் கிரவல் எத்தினை லோட் அண்ணை?

முப்பது மாடெண்டால், ஒரு மாட்டுக்கு நாலு சதுர மீற்றர் வைச்சால் 120 சதுர மீற்றர். அரையடிக் கனத்துக்குப் பதினெட்டு கன மீற்றர், அமத்தினால் இறங்கும், இருபத்துமூண்டு எடுங்கோ. மூண்டு கன மீற்றர் ஏத்துற பெட்டி எண்டால் எட்டு லோட். நடுவை உயர்த்தி, தண்ணி வீதிப் பக்கம் ஓடாமல் மற்றப் பக்கம் சரிச்சு விடுங்கோ.