ஸ்ப்ரிங்ஸ்டீன் பாடிய பிறர் பாட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் அவரைக் கேட்கத் தொடங்கினேன். போன வாரம் அவருடைய 'ஒன்லி தி ஸ்ட்ராங் சர்வைவ்' ஆல்பத்தைக் கேட்டேன். 2022-ல் வந்தது. பதினைந்து பாட்டு, பெரும்பாலும் அறுபதுகளில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் பாடிய சோல் இசை, ஒன்றுகூட அவர் எழுதியதில்லை. எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவருடைய பழைய ரசிகர்கள் அதைப் பற்றிப் பேசுவதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பொழுது போகாத பணக்காரரின் கரோகே என்கிறார்கள். அவருடைய வழக்கமான இசைக்குழுவான ஈ ஸ்ட்ரீட் பேண்ட் எங்கே என்று கேட்கிறார்கள். போதாக்குறைக்கு அட்டையில் 'கவர்ஸ் (பிறர் பாட்டுகள்), தொகுதி 1' என்று போட்டிருக்கிறதாம், அப்படியானால் இரண்டாவதும் வருமே என்று புலம்பல் வேறு. சொந்தமாக இவ்வளவு எழுதியவர் அடுத்தவர் பாட்டைப் பாடினால் குறைச்சலா? அல்லது ரசிகர்களுக்குத்தான் நன்றி இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குறைச்சல் என்று அந்த ரசிகர்களே நினைப்பதில்லை. 2009 சுற்றுப்பயணத்தில் அவர்கள் அட்டைகளில் பாட்டுப் பெயர்களை எழுதிக்கொண்டு வந்து முன்வரிசையில் நின்றார்கள். அதில் பல அவருடைய பாட்டே இல்லை. எவனும் நினைவில் வைத்திருக்காத பழைய ராக் அண்ட் ரோல் பாட்டாகப் பார்த்துக் கேட்பார்கள், இசைக்குழு தடுமாறுகிறதா என்று பார்க்க. ஸ்ப்ரிங்ஸ்டீன் மேடை விளிம்புக்கு வந்து அட்டைகளை அள்ளிக்கொண்டு போவார். ஒன்றைத் தூக்கிக் காட்டுவார், எந்தச் சுருதி என்று நான்கு பேர் தலையைச் சேர்த்துப் பேசுவார்கள், உடனே ஆரம்பித்துவிடுவார்கள். ரசிகர்களுக்கு அன்றைய இரவின் உச்சமே அதுதான். எழுபதுகளிலிருந்தே மிட்ச் ரைடர் பாட்டுகளைக் கோத்து அவர் பாடிய 'டெட்ராய்ட் மெட்லி'க்காக ஏங்கியவர்கள் இவர்கள். எட்வின் ஸ்டாரின் 'வார்' 1986-ல் ஸ்ப்ரிங்ஸ்டீன் குரலில் வானொலியெங்கும் ஒலித்தது. யாரும் கரோகே என்று சொல்லவில்லை.

இந்த ஆல்பத்தின் தலைப்புப் பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்ரி பட்லருடையது. அது பிரபலமான அதே 1969-ல் எல்விஸ் பிரெஸ்லி மெம்ஃபிஸில் அதைப் பாடிப் பதிவுசெய்தார். பாடகன் பாடுவான், எழுதுகிறவன் எழுதுவான் என்பதுதான் அன்றைக்கு வழக்கம். டிலனும் பீட்டில்ஸும் வந்த பிறகுதான் ராக் பாடகன் தன் பாட்டைத் தானே எழுத வேண்டும் என்று ஆயிற்று. அதற்கப்புறம் 'கவர் ஆல்பம்' என்றாலே சரக்கு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள்.

கோபத்தில் ஒரு பங்கு பாட்டைச் சேர்ந்ததே அல்ல. 2022 ஜூலையில் அவருடைய அடுத்த சுற்றுப்பயணத்துக்கு டிக்கெட் விற்றார்கள். தேவைக்கேற்ப விலை ஏறும் முறை. சில இருக்கைகள் ஐயாயிரம் டாலர் வரைக்கும் போயின. தொழிலாளியின் பாடகன் என்று பெயர் வாங்கியவர் அதற்குச் சமாதானம் சொன்னார், வருத்தம் தெரிவிக்கவில்லை. 1980 முதல் அவருக்காகவே வந்துகொண்டிருந்த ரசிகர் இதழ் 'பேக்ஸ்ட்ரீட்ஸ்', 2023 பிப்ரவரியில் இதை முன்னிட்டே கடையை மூடியது. இந்த இரண்டுக்கும் நடுவில், 2022 நவம்பரில் ஆல்பம் வந்து மாட்டிக்கொண்டது. கடுப்பில் இருக்கிறவன் காதில் எந்தப் பாட்டும் ஏறாது.

இதையெல்லாம் கழித்த பிறகும் ஒரு குறை மிஞ்சுகிறது. ரசிகர்கள் அதை 'ஈ ஸ்ட்ரீட் பேண்ட் இல்லை' என்று சொல்கிறார்கள். நான் அவர்கள் பக்கம்தான் சாய்வேன். நியூ ஜெர்சியில் அவருடைய சொந்த ஸ்டூடியோவில் பதிவான ஆல்பம் இது. ட்ரம்ஸ், பாஸ், கிதார், பியானோ என்று முக்கால்வாசி வாத்தியங்களைத் தயாரிப்பாளர் ரான் அனியெல்லோ ஒருவரே வாசித்திருக்கிறார். பிறகு மேலே வயலின்கள், பித்தளை வாத்தியங்கள், பின்னணிக் குரல்கள். மூலப் பதிவின் அச்சு மாறாமல் எல்லாம் கட்டி முடித்த அறைக்குள் ஸ்ப்ரிங்ஸ்டீன் வந்து பாடிவிட்டுப் போகிறார். வெறுமே பாடுவதற்கென்று ஓர் ஆல்பம் செய்ய ஆசைப்பட்டேன் என்று அவரே சொன்னார். எழுபது தாண்டிய வயதில் அந்தக் குரல் நிஜமாகவே பிரமாதம். எதிரே ஆள் இல்லாததுதான் சங்கடம்.

'ஐ விஷ் இட் வுட் ரெயின்' கேட்டீர்கள் அல்லவா? டெம்ப்டேஷன்ஸ் என்ற குழு பாடியது, 1967 டிசம்பரில் வெளிவந்தது. காதலி விட்டுப்போனவன், அழுவது ஊருக்குத் தெரியாமலிருக்க மழை வராதா என்று கேட்கிறான். வரிகளை எழுதிய ரோஜர் பென்சபீனுக்கு அது சொந்தக் கதை. பாட்டு வெளியாகிச் சில நாட்களிலேயே, டிசம்பர் 31 அன்று, அவர் தற்கொலை செய்துகொண்டார். அந்தக் குழுவின் டேவிட் ரஃபின் அதைப் பாடும்போது குரல் கிழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். ஸ்ப்ரிங்ஸ்டீன் பதிவு அழகாக இருக்கிறது. அவ்வளவுதான். கிழிய வேண்டிய இடத்தில் பத்திரமாக இறங்கிவிடுகிறார்.

இதே மனிதர் 2006-ல் இன்னொரு ஆல்பம் செய்தார். நாட்டுப்பாடகர் பீட் சீகர் பாடிப் பரப்பிய பழைய நாட்டுப்பாடல்கள், 'தி சீகர் செஷன்ஸ்'. அதிலும் அவர் எழுதியது எதுவும் இல்லை, ஈ ஸ்ட்ரீட் பேண்டும் இல்லை. பண்ணை வீட்டுக் கூடத்தில் ஃபிடில், பாஞ்சோ, அக்கார்டியன்காரர்கள். இடம் போதாமல் பித்தளை வாத்தியக்காரர்கள் நடைவழியில். ஒத்திகை கிடையாது. வெவ்வேறு வருடங்களில் மூன்றே நாள் பதிவு. பாட்டுக்கு நடுவே அவர் கத்தி வாசிப்பவர்களை ஏவுவதும் சிரிப்பதும் இசைத்தட்டில் அப்படியே இருக்கிறது. முதலில் ரசிகர்கள் அதற்கும் முகம் சுளித்தார்கள். அமெரிக்காவில் சில ஊர்களில் அரங்கம் நிரம்பவில்லை. ஆனால் 2006 ஏப்ரல் 30 அன்று நியூ ஆர்லியன்ஸில் அந்தக் குழுவோடு மேடையேறினார். காட்ரினா புயல் ஊரை மூழ்கடித்து எட்டு மாதம். 1929-ல் பிளைண்ட் ஆல்ஃபிரட் ரீட் பாடிய பஞ்சப் பாட்டில், வெள்ளத்தில் கைவிடப்பட்டவர்களுக்காகப் புதிதாக வரிகள் எழுதிச் சேர்த்துப் பாடினார். கூட்டத்தில் பலர் அழுதுவிட்டார்கள். அது யாருடைய பாட்டு என்று அங்கே எவன் கேட்டிருப்பான்?

ஆகவே ரசிகர்களின் காது சரியாகத்தான் வேலை செய்கிறது, காரணம் சொல்லும்போதுதான் பிசகுகிறது. அவர்களை நன்றியில்லாதவர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. இந்த ஆல்பத்தில் உள்ள 'டூ ஐ லவ் யூ' பாட்டையே ரசிகர்கள்தான் காப்பாற்றினார்கள். ஃபிராங்க் வில்சன் 1965-ல் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடியது. விற்பனைக்கே வராமல் தட்டுகள் அழிக்கப்பட்டன. தப்பியவை ஒரு சிலவே. வடக்கு இங்கிலாந்தின் நடனக்கூடங்களில் அந்தப் பாட்டுக்கு ஆடித் தீர்த்தார்கள். 2009-ல் ஒரு தட்டு 25 ஆயிரம் பவுண்டுக்கு மேல் விலை போனது. மூலத்தை இப்படி நெஞ்சில் சுமப்பவர்களிடம் அச்சு மாறாத நகலைக் கொடுத்தால், கையில் அசல் இருக்கும்போது இது எதற்கு என்றுதான் கேட்பார்கள்.

உங்களுக்குப் பிடித்திருந்தது என்றீர்கள். எது என்று எழுதவில்லை. 'நைட்ஷிஃப்ட்' என்று நினைக்கிறேன். எனக்கும் அதுதான். 1984-ல் இறந்த பாடகர்கள் மார்வின் கே, ஜாக்கி வில்சன் இருவரையும் நினைத்து மறுவருடம் கொமடோர்ஸ் குழு பாடியது. ஸ்ப்ரிங்ஸ்டீனுக்கும் ஈ ஸ்ட்ரீட் பேண்டில் சொந்தமாக அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள்: 2008-ல் போன டேனி ஃபெடரிசி, 2011-ல் போன கிளாரன்ஸ் கிளெமன்ஸ். 2023 சுற்றுப்பயணத்தில் ஈ ஸ்ட்ரீட் பேண்டோடு இதைப் பாடினார். பின்னணிப் பாடகர் கர்டிஸ் கிங் முன்னால் வந்து மேல் ஸ்தாயியில் எடுத்துக்கொண்டு போக, ஸ்ப்ரிங்ஸ்டீன் கீழிருந்து தன் கரகரத்த குரலில் பிடித்துக்கொள்கிறார். ஸ்டூடியோ பதிவில் கிடைக்காதது அங்கே கிடைக்கிறது. மேடைப் பதிவுகள் இணையத்தில் உள்ளன, தேடிக் கேளுங்கள். அடுத்து, 'சீகர் செஷன்ஸ்' குழுவோடு அவர் மேடையில் பாடி 2007-ல் வந்த 'லைவ் இன் டப்ளின்'. தொகுதி இரண்டு வந்தால் நான் கட்டாயம் வாங்குவேன், யார் வாசிக்கிறார்கள் என்று அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு.

அன்புடன்.