ஃபேனை நிறுத்தாமல் வீடியோ எடுக்க முடியாதா?

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். எனக்கு வயது 42. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஸ்டோர் கீப்பர் வேலை. வீடு அம்பாசமுத்திரம் பக்கம். சின்ன வயதிலிருந்தே ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் என்றால் கிறுக்கு. மூன்று வருஷமாக யூடியூபில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் சேனல் நடத்துகிறேன். எல்இடி பல்பு ரிப்பேர், 4440 ஐசி ஆம்ப்ளிஃபயர், தண்ணீர்த் தொட்டி அலாரம் இப்படிப் போடுவேன். சப்ஸ்கிரைபர் 640 பேர். ஒரு வீடியோவுக்கு இரண்டு ராத்திரி போகிறது. ரெக்கார்டிங் சமயத்தில் சத்தம் வரக் கூடாது என்று ஃபேனை நிறுத்தச் சொல்வேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளும், தையல் மிஷினில் இருக்கும் மனைவியும் வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பார்கள். "இதுல இதுவரைக்கும் ஒத்த ரூவா வந்திருக்கா?" என்று மனைவி கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை. நண்பர் ஒருவர், "காந்தத்தை வைத்து இலவச மின்சாரம்னு ஒண்ணு போடு, லட்சம் பேர் பார்ப்பான்" என்கிறார். போடலாமா, இல்லை சேனலையே மூடிவிடலாமா? சேமிப்பிலிருந்து முப்பதாயிரம் எடுத்து ஆஸில்லாஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) வாங்கவும் ஆசை. உங்கள் யோசனை என்ன?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, முதலில் எழுந்து போய் ஃபேனைப் போடுங்கள்.

உங்கள் வீட்டுச் சண்டைக்கு ஆணிவேர் அந்த ஸ்விட்சில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தாமிரபரணிக் கரை என்று பேர்தான், சித்திரை வைகாசியில் ராத்திரி பத்து மணிக்கும் காங்கிரீட் கூரை சூடு கக்கும். பகலெல்லாம் மிஷின் மிதித்தவர், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, இரண்டு பேரையும் காற்றில்லாமல் உட்கார வைத்துவிட்டு நீங்கள் கெப்பாசிட்டர் பற்றிப் பேசினால் அவர்களுக்குக் கெப்பாசிட்டர் மேல் பாசமா வரும்?

படத்தையும் பேச்சையும் தனித்தனியாக எடுங்கள். ராத்திரி வேலை செய்யும்போது கையையும் போர்டையும் மட்டும் படம் எடுத்தால் போதும். ஃபேன் ஓடட்டும், மிஷின் ஓடட்டும், மகள் சத்தமாகவே படிக்கட்டும், அந்தச் சத்தத்தை எடிட்டிங்கில் மொத்தமாக நீக்கிவிடலாம். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, காலையில் எல்லாரும் எழுவதற்கு முன்னால் சேலை அடுக்கிய பீரோவைத் திறந்து வைத்து, அதன் முன்னால் நின்று ஃபோனில் பேசிப் பதிவு செய்யுங்கள். துணி எதிரொலியை வாங்கிக்கொள்ளும். பத்து நிமிஷ வேலை. இதில் இன்னொரு லாபமும் உண்டு. சால்டரிங் பண்ணிக்கொண்டே பேசினால் "இங்க பாத்தீங்கன்னா… இது வந்து…" என்று பாதி நேரம் போகும். எழுதி வைத்துப் பேசினால் பதினெட்டு நிமிஷ வீடியோ ஒன்பதாகச் சுருங்கும். கோயில் கொடை நாட்களில் ஊரே ஒலிபெருக்கிக்குள் இருக்கும், அன்றைக்குக் கைவேலையை மட்டும் எடுத்து வையுங்கள். ஆனி ஆடியில் சாரல் காற்று அடிக்கும்போது மாடியில் நின்று பேசாதீர்கள், மைக்கில் காற்று மட்டும்தான் கேட்கும்.

சால்டரிங் பண்ணும் இடத்தில் காற்று வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஈயம் உருகும்போது எழும் புகை பெரும்பாலும், ஈயம் நன்றாக ஒட்டுவதற்குச் சேர்க்கும் ஃப்ளக்ஸ் கருகி வருவது. மூடிய அறையில் தினமும் அதை இழுத்தால் இருமல், இளைப்பு வரும். உங்களுக்கு மட்டுமல்ல, அதே அறையில் இருக்கும் மகளுக்கும்தான்.

சரி, பணத்துக்கு வருவோம். உங்கள் மனைவி கேட்ட கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. அதற்குக் கணக்கோடு பதில் சொல்லுங்கள். யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபரும், கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். 4,000 மணி என்றால் 2,40,000 நிமிஷம். உங்கள் வீடியோவை ஒருவர் சராசரியாக மூன்று நிமிஷம் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால், ஒரு வருஷத்துக்குள் 80,000 முறை பார்க்கப்பட வேண்டும். ஷார்ட்ஸ் போட்டு ஏமாற்றலாம் என்றால், ஷார்ட்ஸ் ஃபீடில் பார்க்கிற நேரம் இந்தக் கணக்கில் சேராது, அதற்கு 90 நாளில் ஒரு கோடி பார்வை என்று தனிக் கணக்கு. 500 சப்ஸ்கிரைபரிலேயே ஒரு கீழ்ப்படி இருக்கிறது. அதற்கும் 3,000 மணி நேரம், அல்லது 90 நாளில் 30 லட்சம் ஷார்ட்ஸ் பார்வை வேண்டும், அதில் பார்ப்பவர்கள் விரும்பிக் கொடுக்கும் பணம் வருமே தவிர விளம்பரப் பணம் வராது. எல்லாப் படியும் ஏறிய பிறகும் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, "இப்போதைக்கு இதில் வருமானம் இல்லை, இது என் பொழுதுபோக்கு, மாசம் இவ்வளவு ரூபாய்க்கு மேல் இதற்குச் செலவழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். "இன்னும் கொஞ்ச நாள்ல வந்துரும்" என்று மூன்று வருஷமாகச் சொல்லி வந்திருப்பீர்கள். அவருக்கு எரிச்சல் அதில்தான்.

அந்த 640 பேரைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் வீடியோவை யாரும் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பதில்லை. கையில் எரியாத பல்பையோ ஊமையாகிப் போன ஆம்ப்ளிஃபயரையோ வைத்துக்கொண்டு தேடி வருகிறவன்தான் பார்க்கிறான். வேலை முடிந்ததும் போய்விடுவான், சப்ஸ்கிரைப் பட்டன் அவன் கண்ணிலேயே படாது. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி டிவி தொடங்கிய பிறகு நம் பக்கத்து மொட்டை மாடிகளில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, பூஸ்டர் மாட்டி, புள்ளி புள்ளியாகப் படம் பார்த்தது உங்கள் அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும். அந்த பூஸ்டரைக் கழற்றி மாட்டிய பையன்கள் யாரிடமும் ஃபீஸ் கட்டிப் படிக்கவில்லை. ரேடியோ கடை வாசலில் நின்று மெக்கானிக்கின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் சேனல் அந்தக் கடை வாசல் மாதிரிதான். வாசலில் எத்தனை பேர் நின்றார்கள் என்று எந்த மெக்கானிக்கும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

பெரிய சேனல்காரர்களால் செய்ய முடியாத ஒரு காரியம் உங்களால் முடியும். அவர்கள் ஒரு சர்க்யூட்டைப் போட்டு, லைட் எரிந்ததும் கை தட்டிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் செய்த பொருள் உங்கள் வீட்டு மாடியிலேயே கிடக்கிறது. உங்கள் தொட்டி அலாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு செம்புக் கம்பியைத் தண்ணீரில் தொங்கவிட்டு 9 வோல்ட் டிசி கொடுக்கிற வகையாகத்தான் இருக்கும். அது முதல் நாள் அருமையாக வேலை செய்யும். டிசி ஓடிக்கொண்டே இருந்தால் பிளஸ் பக்கத்துக் கம்பி பச்சை பிடித்து, அரித்து, மெலிந்துகொண்டே போகும். உப்புச் சத்துள்ள போர் தண்ணீர் என்றால் இன்னும் வேகமாக அரிக்கும். ஒரு நாள் தொட்டி நிரம்பி வழியும், அலாரம் அடிக்காது. மாடி ஏறி அந்தக் கம்பியை எடுத்து, புதுக் கம்பி ஒன்றைப் பக்கத்தில் வைத்து குளோசப்பில் காட்டுங்கள். பிறகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, அல்லது விட்டு விட்டுச் சோதிக்கிற சர்க்யூட், அல்லது பேசாமல் தண்ணீரில் மிதந்து வேலை செய்யும் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச், இவற்றில் எது தாங்குகிறது என்று சில மாதம் கழித்துத் திரும்பவும் காட்டுங்கள். தமிழில் தொட்டி அலாரம் என்று தேடினால் செய்முறை நிறைய வரும். "செஞ்சு ஆறு மாசம் ஆச்சு, இப்ப எப்படி இருக்கு" என்று சொல்லும் ஆள்தான் அகப்பட மாட்டான்.

எல்இடி பல்பு ரிப்பேரும் அப்படியே. கறுப்புப் புள்ளி விழுந்த சிப்பைக் கண்டுபிடித்து, அதன் இரண்டு முனையையும் சேர்த்து ஷார்ட் பண்ணினால் பல்பு எரிகிறது. அதோடு வீடியோ முடிந்துவிடுகிறது. மிச்சமுள்ள சிப்புகள் மேல் என்ன சுமை ஏறுகிறது, டிரைவர் (சிப்புகளுக்குக் கரண்ட் கொடுக்கும் போர்டு) எவ்வளவு சூடாகிறது, அந்த பல்பு எத்தனை நாள் ஓடியது என்பதையும் காட்டுங்கள். இரண்டாவது சிப்பும் போய்விட்டால் அதையும் காட்டுங்கள்.

நம் ஊர் விஷயங்களே எவ்வளவு கிடக்கின்றன! முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் வீடுகளிலும் வயல்காட்டு மோட்டார் அறைகளிலும் திருநெல்வேலி வானொலி நிலையத்தைக் கேட்கிற பழைய ரேடியோ செட்டுகள் இன்னும் இருக்கின்றன. மீடியம் வேவில் திடீரென்று உர்ர்ர் என்று இரைச்சல் வந்தால் செட்டைக் கழற்றுவதற்கு முன்னால் பக்கத்தில் எரிகிற மலிவு எல்இடி பல்பையும் செல்ஃபோன் சார்ஜரையும் அணைத்துப் பார்க்க வேண்டும். பாதி நேரம் குற்றவாளி அவைதான். இதை ஐந்தே நிமிஷத்தில் காட்டலாம்.

காந்த மின்சாரம் போடாதீர்கள். காந்தத்தைச் சும்மா வைத்தால் மின்சாரம் வராது, சுற்ற வேண்டும், சுற்றுவதற்கு யாராவது சக்தி கொடுக்க வேண்டும். முப்பந்தலில் காற்று கொடுக்கிறது, பாபநாசத்தில் விழுகிற தண்ணீர் கொடுக்கிறது. சும்மா கிடக்கிற காந்தத்தில் பல்பு எரிவதாகக் காட்டுகிற வீடியோவில் பலகைக்குக் கீழே பேட்டரி இருக்கும். லட்சம் பேர் பார்ப்பார்கள் என்று உங்கள் நண்பர் சொல்வது நிஜம்தான். அதைப் பார்த்துவிட்டு உங்கள் பழைய வீடியோக்களை நம்பியவன் ஒருவன், "இந்தாளும் இப்படித்தானா" என்று போவான். அதோடு, தெருவில் உங்களைப் பார்த்து "அண்ணே, எனக்கும் ஒண்ணு செஞ்சு தாங்க" என்று யாராவது பணத்தோடு வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்?

அந்த ஆசைக்கு மாற்றாக இன்னொன்று சொல்கிறேன். கரண்ட் பில்லைப் பாதியாகக் குறைக்கும் என்று பிளக்கில் சொருகுகிற டப்பா ஒன்று விற்கிறார்கள் அல்லவா, அதை ஒன்று வாங்கிப் பிரித்துக் காட்டுங்கள். உள்ளே ஒரு கெப்பாசிட்டர், ஒரு சின்ன போர்டு, ஒன்றிரண்டு எல்இடி இருக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான். வீட்டு இணைப்பில் நாம் பணம் கட்டுவது கிலோவாட் மணிக் கணக்கில், அதாவது யூனிட்டில். கெப்பாசிட்டர் பவர் ஃபேக்டரை (இழுக்கும் கரண்டில் எவ்வளவு நிஜ வேலைக்குப் போகிறது என்ற விகிதத்தை) கொஞ்சம் சரி செய்தாலும் அந்த யூனிட் குறையாது. வீட்டு மீட்டரைப் படம் பிடித்து, டப்பாவோடும் டப்பா இல்லாமலும் அதே லோடை அதே நேரம் ஓட்டி யூனிட்டைக் காட்டுங்கள். டப்பாவில் உள்ள கம்பெனிப் பெயரை மறைத்துவிடுங்கள், வம்பு வேண்டாம். காந்த வீடியோவுக்கு ஏமாறுகிற அதே ஆட்கள் இதையும் பார்ப்பார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். பல்பு டிரைவரில் கை வைக்கிறீர்கள், நாளைக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலும் (சார்ஜர், டிவிக்குள் இருக்கும் பவர் சப்ளை) கை வைப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். 230 வோல்ட் ஏசியை ரெக்டிஃபை பண்ணினால் கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் நிற்கும். அதை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணி "டப்" என்று சத்தம் காட்டுவது வீடியோவுக்கு ஜோராக இருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பையன் அதைப் பார்த்துவிட்டு வீட்டில் செய்வான். ரெசிஸ்டர் வைத்தோ குண்டு பல்பு வைத்தோ டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டரில் சைபர் வருவதைக் காட்டிவிட்டுத் தொடுங்கள். ரிப்பேர் செய்த போர்டுக்கு முதன்முதல் கரண்ட் கொடுக்கும்போது சீரீஸ் லேம்ப் (லைனுக்கு நடுவில் தொடராக மாட்டிய குண்டு பல்பு) வழியாகவே கொடுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், போர்டு வெடிக்காது. வீட்டு லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கட்டும். ஆனால் ஒரு கை ஃபேஸிலும் இன்னொரு கை நியூட்ரலிலும் பட்டால் அது காப்பாற்றாது என்பதையும் வீடியோவில் சொல்லுங்கள். ராத்திரி பதினொன்றுக்கு மேல், தூக்கம் சொக்கும் கண்ணோடு, மெயின்ஸ் வேலை வேண்டவே வேண்டாம். அந்த நேரத்துக்கு எடிட்டிங்கை வைத்துக்கொள்ளுங்கள்.

சேனலை மூட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒன்று போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை ராத்திரியை வீட்டுக்கு விட்டுவிடுங்கள். மகளுக்கு மார்ச்சில் பரீட்சை என்றால் தை மாசியில் புது வீடியோவே வேண்டாம். உங்களைத் தேடி வருகிறவன் பழையதைத்தான் பார்க்கப் போகிறான், ஒன்றும் குறையாது. சின்ன சேனல்களுக்கும் "இலவசமாகப் பொருள் அனுப்புகிறோம், வீடியோவில் சொல்லுங்கள்" என்று கம்பெனிகளிடமிருந்து மெயில் வரும். வாங்கினால் ஓசியில் வந்தது என்று வாயாலும் சொல்லுங்கள், யூடியூபில் அதற்கென்று இருக்கும் கட்டத்திலும் டிக் பண்ணுங்கள்.

கடைசியாக, ஆஸில்லாஸ்கோப். பல்புக்கும் தொட்டி அலாரத்துக்கும் 4440 ஆம்ப்ளிஃபயருக்கும் நல்ல மல்டிமீட்டர் ஒன்று போதும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இறங்கினால்தான் ஸ்கோப் தேவைப்படும். அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. மேசை மேல் வைக்கும் ஸ்கோப்பின் புரோபில் (சர்க்யூட்டைத் தொட்டுப் பார்க்கும் வயர்) உள்ள கிரவுண்டு கிளிப், வீட்டு எர்த்தோடு சேர்ந்தே இருக்கும். அதைக் கொண்டுபோய் எஸ்எம்பிஎஸ்ஸின் பிரைமரிப் பக்கத்தில் (மெயின்ஸோடு நேரடியாகச் சேர்ந்த பக்கம்) மாட்டினால் நேர் ஷார்ட். போர்டு போகும், புது ஸ்கோப்பும் போகலாம். அதனால் முதலில் சோதனைக்கு வைக்கிற போர்டுக்கென்று ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மெயின்ஸோடு நேரடி இணைப்பு இல்லாமல் கரண்ட் கொடுப்பது) வாங்குங்கள். அதன் பின்னால் ஆர்சிசிபி வேலை செய்யாது என்பதால், அதைப் போட்ட பிறகும் ஒரு கையால் மட்டும் வேலை செய்து பழகுங்கள். மிச்சப் பணம் சேமிப்பிலேயே இருக்கட்டும். ஸ்கோப்பை எப்போது வாங்குவது என்பதை, அந்தச் சேமிப்பில் மிஷின் மிதித்துப் பாதி போட்டிருப்பாரே, அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.