நீளச் சரக்கும் பின்சீட்டு ஆட்களும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது டபுள் கேபின் பிக்கப். லோடு பாடியின் உள்நீளம் ஒன்றரை மீட்டர்தான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் 3 மீட்டர் மரச்சட்டமும் 4 மீட்டர் குழாயும் ஏற்ற வேண்டியிருக்கிறது. பின்சீட்டில் எப்போதும் இரண்டு பேராவது இருப்பார்கள். கேபினின் பின்சுவரை வெட்டிச் சின்னக் கதவு வைத்துவிட்டால், சரக்கை ஆட்களுக்குப் பக்கத்திலேயே உள்ளே நீட்டிக்கொள்ளலாம் என்கிறார் வெல்டிங் பட்டறைக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். பட்டறைக்காரரின் யோசனை புதிதல்ல. கம்பெனியே அப்படிச் செய்த வண்டிகள் உண்டு. ஷெவர்லே அவலாஞ்ச் 2002 மாடலிலிருந்து 2013 வரை, கேபினுக்கும் லோடு பாடிக்கும் நடுவே திறக்கும் நடுக்கதவோடு வந்தது. சுபாரு பாஹாவில் பின்சீட்டை மடக்கினால் சரக்கை உள்ளே விட ஒரு வழி இருந்தது. ஷெவர்லேயின் மின்சார சில்வராடோவின் சில வகைகளில் நடுக்கதவும் சீட்டும் 60-க்கு 40 என்று பிரிவதால், ஒரு பக்கம் சரக்கு, மறு பக்கம் ஆள் என்று போகலாம். ஆனால் இந்த மூன்றிலும் கேபினும் லோடு பாடியும் சேர்ந்து ஒரே கூடு. உங்கள் வண்டி அப்படி இல்லை. சேஸிஸின் மேல் கேபின் தனி ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கிறது, லோடு பாடி தனியாக போல்ட்டில் நிற்கிறது. நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறதே, அது அழகுக்காக விட்டதல்ல. ஒரு பக்கப் பின்சக்கரத்தை மட்டும் மேட்டில் ஏற்றிவிட்டு அந்த இடைவெளியைப் பாருங்கள். ஒரு பக்கம் குறுகி, மறு பக்கம் விரிந்திருக்கும். சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும்போது இரண்டும் தனித்தனியாக ஆடியாக வேண்டும்.

பின்சுவரை வெட்டினால் என்ன ஆகும்? அந்தத் தகடு மெல்லியதுதான், ஆனால் கேபின் பெட்டி கோணலாகாமல் பிடித்திருப்பது அதுதான். அதில் பெரிய ஓட்டை போட்டதும் முறுக்கு முழுவதும் கதவுச் சட்டங்களின் மூலைக்குப் போகும். முதலில் கதவு சரியாகச் சாத்தாது, பிறகு மூலை வெல்டிங் விரியும், முன்கண்ணாடியும் கீறலாம். இடைவெளியை மூட வளையாத தகட்டால் இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்தால் வெல்டிங்கே கிழிந்துபோகும். ரப்பர் மடிப்பு வைத்தால் கிழியாது. ஆனால் வெட்டிய சுவர் வெட்டியதுதான். பல வண்டிகளில் குழந்தை இருக்கையின் மேல்பட்டி மாட்டும் கொக்கியும், நடுசீட்டு பெல்ட்டின் பிடிப்பும் அதே சுவரில்தான் இருக்கின்றன. யாரும் இதைச் சொல்வதில்லை, வெட்டிய பிறகுதான் தெரியும்.

இனி உங்கள் அளவுகளுக்கு வருவோம். 3 மீட்டர் சட்டத்துக்கு எந்த வேலையும் தேவையில்லை. பின்கதவைக் கீழே இறக்கினால் தரை சுமார் 2 மீட்டர் ஆகிறது. சட்டத்தின் நடு முன்சுவரிலிருந்து 1.5 மீட்டரில் விழும், அதற்கடியில் தரை இருக்கிறது. 1 மீட்டர் வெளியே நீட்டும், அவ்வளவுதான். பின்கதவின் கேபிள்களும் கீல்களும் துருப்பிடிக்காமல் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். 2.4 மீட்டர் வரை உள்ள மெல்லிய பொருள் என்றால், கதவை இறக்கி மூலைக்கு மூலை வைத்தால் உள்ளேயே அடங்கும். 1.4 மீட்டர் அகலத்தில் மூலைவிட்டம் 2.44 மீட்டர்.

4 மீட்டர் அப்படியல்ல. அதன் நடு சரியாகக் கதவின் விளிம்பில் வந்து நிற்கும். ஒரு வேகத்தடை போதும், வால் தரையைத் தொட்டு மூக்கு மேலே எழும்பும். அதற்குத் தலைக்கு மேல் கேரியர்தான் வழி. 6 மீட்டர் குழாய் வரும் நாளில் கடையிலேயே அறுத்து வாங்குங்கள், அல்லது வேறு வண்டி சொல்லுங்கள்.

கேள்வி: அந்தக் கேரியரை எப்படிச் செய்யச் சொல்ல வேண்டும்? ஒரு தூணை லோடு பாடியிலும் ஒன்றைக் கேபின் கூரையிலும் வைத்தால் நல்ல நீளம் கிடைக்கும் என்கிறார்கள்.

பதில்: மேலே சொன்ன இடைவெளியை மறந்தவர்கள் சொல்வது அது. ஒரு கால் கேபினில், ஒரு கால் லோடு பாடியில் என்று இறுக்கமாகப் பொருத்திய கேரியர் இரண்டுக்கும் நடுவே முறுக்கைத் தாங்கிக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் கூரைத் தகடு போல்ட்டைச் சுற்றி விரியும், தண்ணீர் இறங்கும். எல்லாக் கால்களும் லோடு பாடியில்தான் நிற்க வேண்டும். கேபினுக்கு மேலே போகும் கைகள் அந்தரத்தில் நீள வேண்டும்.

அளவுகள்: 40×40 மி.மீ. சதுர இரும்புக் குழாய், 3 மி.மீ. கனம். மீட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை கிலோ வரும். முன்தூண்கள் இரண்டு, பின்தூண்கள் இரண்டு, நடுவே 1.4 மீட்டர். முன்குறுக்குக் கம்பியிலிருந்து 60 முதல் 70 செ.மீ. வரை இரண்டு கைகள் கேபினுக்கு மேலே நீண்டு ஒரு குறுக்குக் கம்பியில் முடியட்டும். அதற்கும் கூரைக்கும் நடுவே குறைந்தது 7 செ.மீ. விடுங்கள். ஆட்கள் ஏறி வண்டி அமுங்கும்போதும் மேடு பள்ளத்திலும் இரண்டு செ.மீ. இடைவெளி எல்லாம் தின்றுபோகும்.

தூணின் அடியை லோடு பாடித் தகட்டில் வெறும் வாஷர் போட்டு முறுக்காதீர்கள். அந்தத் தகடு ஒரு மி.மீ. அளவுதான். மேலே ஒரு 6 மி.மீ. பிளேட், அடியில் அதே அளவில் இன்னொன்று, நடுவில் தகடு, நான்கு மூலைக்கும் 8.8 ரக எம்10 போல்ட், நைலான் பூட்டு நட். துளை போட்ட விளிம்புக்கு உடனே பிரைமர் அடியுங்கள். துளையிடும் முன் அடியில் குனிந்து பார்ப்பது முக்கியம். பிரேக் குழாயும் வயரும் அங்கேதான் ஓடுகின்றன.

பட்டறைகளில் பெரும்பாலும் விட்டுவிடுவது சாய்வுக் கம்பியை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.2 மீட்டர் உயரத்தில் 150 கிலோ இருக்கிறது. அழுத்தி பிரேக் போடும்போது சரக்கு அதன் எடையில் 0.8 பங்கு விசையோடு முன்னே தள்ளும். அது 120 கிலோ. 1.4 மீட்டர் அடித்தளத்தில் பின்தூண்களை மேலே பிடுங்கும் விசை 100 கிலோவை ஒட்டி வரும், சரக்கின் எடை அதில் ஒரு பகுதியை மட்டுமே ஈடுகட்டும். சாய்வுக் கம்பி இல்லாவிட்டால் அதெல்லாம் தூணின் அடி வெல்டிங்கில் வளைவாக விழும், வெல்டிங்கின் ஓரத்தில்தான் விரிசல் தொடங்கும். இரண்டு பக்கமும் ஒரு சாய்வுக் கம்பி, முன்தூணின் தலையிலிருந்து பின்தூணின் அடிக்கு. எடை கூடுவது சில கிலோதான்.

ஏற்றும்போது 4 மீட்டர் குழாயைக் கேபின் பக்கமே தள்ளாதீர்கள். பின்தூணைத் தாண்டி 70 செ.மீ. நீட்டினால் அதன் நடு, முன்தூணுக்குச் சற்றுப் பின்னால், இரண்டு ஜோடித் தூண்களுக்கும் இடையில் வந்துவிடும். பிளாஸ்டிக் குழாய் முன்முனையில் தொங்கும். அதன் மூக்கை முன்பம்பரின் இழுவைக் கொக்கிகளுக்கு கவிழ்த்த ‘வி’ போலக் கயிறு இழுத்துக் கட்டுங்கள். காற்று தூக்காது, பக்கவாட்டிலும் ஆடாது.

கேள்வி: இரண்டு ராட்செட் பெல்ட் போட்டு நன்றாக இறுக்குகிறேன். ஆனாலும் இரும்புக் குழாய்கள் முன்னால் நழுவுகின்றன. ஏன்?

பதில்: பெல்ட் கீழ்நோக்கித்தான் அழுத்துகிறது. முன்னே போகாமல் தடுப்பது உராய்வு மட்டுமே. இரும்பும் இரும்பும் உரசினால் அந்த உராய்வு 0.2 அளவுக்கு மேல் இல்லை. 100 கிலோ குழாயை பிரேக்கில் நிறுத்த 80 கிலோ தடை வேண்டும். 80-ஐ 0.2-ஆல் வகுத்தால் 400. சரக்கின் எடை 100 போக, பெல்ட்டுகள் 300 கிலோ அழுத்தம் தர வேண்டும், அதுவும் பயணம் முழுவதும் தளராமல். சின்ன பெல்ட்டுகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது. கேரியர் கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே உராய்வுக்கென்றே விற்கும் ரப்பர் பாய் வைத்தால் உராய்வு 0.6-க்கு உயர்கிறது. வேண்டிய கூடுதல் அழுத்தம் 33 கிலோதான்.

ஆனால் ரப்பர் தொடுவது வெளிக்குழாய்களை மட்டுமே. கட்டின் நடுவில் இருக்கும் குழாய் எதையும் தொடாமல் குண்டு மாதிரி வெளியே வரும். அதற்காகத்தான் முன்குறுக்குக் கம்பியில் தடுப்புத் தகடு வேண்டும். தகட்டைத் தாண்டி முன்னே நீட்டும் நீளமான கட்டு என்றால், முன்முனையில் கோணிப்பையோ தார்ப்பாயோ மாட்டி, வாயைக் கட்டி, அந்தக் கயிற்றைப் பின்னோக்கி இழுத்துத் தூணில் கட்டுங்கள். பெல்ட்டைக் கட்டைச் சுற்றி ஒரு முழுச் சுற்று விட்டுப் பிறகு இறக்குங்கள். கட்டு தன்னைத் தானே நெருக்கிக்கொள்ளும். கிளம்பிப் பத்து நிமிடத்தில் நிறுத்தி ஒருமுறை இறுக்குங்கள். மரமானாலும் குழாயானாலும் அதற்குள் ஒன்றோடொன்று படிந்து தளர்ந்திருக்கும்.

கேள்வி: பின்கண்ணாடி நகரும் வகை. அதைத் திறந்து, ஒல்லியான குழாய் நாலைந்தை இரண்டு பயணிகளுக்கு நடுவே விட்டு ஓட்டுகிறோம். கொஞ்ச நேரத்தில் பின்சீட்டில் இருப்பவர்களுக்குத் தலைவலி வருகிறது.

பதில்: உடனே நிறுத்துங்கள். அது குழாயின் பிரச்சினை இல்லை, சைலன்சர் புகை. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது, புகை அங்கேயே சுழல்கிறது. பின்கண்ணாடி மட்டும் திறந்திருந்தால் அது கேபினுக்குள் இழுக்கப்படும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தலைவலியும் மயக்கமும்தான் முதல் அறிகுறி. முன்பக்க ஜன்னலைத் திறந்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். திறந்த ஜன்னல் சில வேகங்களில் உள்காற்றை வெளியே உறிஞ்சி, பின்னாலிருந்து இன்னும் கூடுதலாக இழுக்கும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. குழாய் நழுவினால் அது போய் நிற்கும் இடம் முன்சீட்டில் இருப்பவரின் தலை, அல்லது கியர் கம்பி. கேபினுக்குள் நீளச் சரக்கு வேண்டுமென்றால் எல்லாக் கண்ணாடிகளையும் சாத்திக்கொண்டு அடங்கும் நீளம்தான் கணக்கு. முன்பக்கப் பயணி சீட்டைச் சாய்த்து, அதன் பின்னால் இருக்கும் பின்சீட்டுப் பாதியை மடக்கினால் பல வண்டிகளில் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவர் பெல்ட் போட்டு உட்காரலாம். சரக்கின் முன்முனை டாஷ்போர்டில் முட்டக் கூடாது. முன்சீட்டின் கால்பகுதியில், தரையில் ஊன்றி நிற்கட்டும். ஏர்பேக் விரியும் இடத்தில் எதுவும் குறுக்கே வரக் கூடாது.

கேள்வி: பின்சீட்டின் சின்னப் பாதியைக் கழற்றிவிட்டு, அங்கே பிளைவுட் பெட்டி செய்து வைக்கலாமா?

பதில்: செய்யலாம். 12 மி.மீ. பிளைவுட், ஆளின் பக்கம் தோள் உயரம் வரை சுவர். சீட்டைப் பிடித்திருந்த அதே துளைகளில், கழற்றிய அதே போல்ட்டுகளைக் கொண்டு இரும்புப் பட்டை வழியாகப் பொருத்துங்கள். பிளைவுட்டில் மர ஸ்க்ரூ போட்டால் மோதலில் பிடுங்கிக்கொண்டு வரும். பல வண்டிகளில் நடுசீட்டு பெல்ட்டின் பக்கிள் சின்னப் பாதியோடு சேர்ந்தே வந்துவிடும். அப்படியானால் பின்னால் இனி ஒருவருக்கு மட்டும்தான் இடம். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக், பெல்ட் இழுப்பான் சம்பந்தப்பட்டது. பேட்டரி இணைப்பை எடுத்துச் சில நிமிடம் காத்திருந்துதான் தொட வேண்டும். வண்டிப் பதிவில் இருக்கை எண்ணிக்கை குறிக்கப்பட்டிருக்கும், அதையும் மாற்ற வேண்டியிருக்கலாம்.

கேள்வி: பின்பக்க இழுவைக் கொக்கியில் மாட்டும் ‘டி’ வடிவத் தாங்கி போட்டால் கேரியரே வேண்டாமே?

பதில்: லேசான சரக்குக்கு நல்ல ஏற்பாடு, உயரத் தூக்க வேண்டியதில்லை. எடை பின்னச்சுக்குப் பின்னால் விழுகிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள். சக்கர அச்சுகளுக்கு இடையே 3.1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின்னச்சிலிருந்து 1 மீட்டர் தள்ளி 100 கிலோ வைத்தால் பின்னச்சில் ஏறுவது 132 கிலோ. முன்னச்சிலிருந்து 32 கிலோ குறைகிறது. ஸ்டீயரிங் லேசாவது அதனால்தான். தாங்கியைப் பிடித்திருக்கும் ஊசியின் கிளிப்பும் ஆட்டத்தை அடக்கும் இறுக்கு போல்ட்டும் இல்லாமல் ஓட்டாதீர்கள். அந்த ஆட்டமே ஊசியைத் தேய்த்துவிடும். பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் மறைந்தால் ஒரு பலகையில் இரண்டையும் பொருத்தி வால்முனையில் தொங்கவிடுங்கள். பகலில் சிவப்புத் துணி, இரவில் சிவப்பு விளக்கு. எவ்வளவு நீட்டலாம் என்பதற்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு விதி இருக்கிறது, அதைக் கேட்டுவிட்டுத் தாங்கியின் நீளத்தை வையுங்கள். திருப்பத்தில் வால் எதிர்ப்பக்கமாக வீசும், அடுத்த வரிசையில் நிற்கும் பைக்காரருக்கு அது தெரியாது.

கேள்வி: பின்னால் அமுங்குகிறது. பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை போட்டுவிடலாமா?

பதில்: வண்டி நிமிரும், ஆனால் தாங்கும் எடை கூடாது. பல பிக்கப்புகளில் பின்னச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பி பிரேக் வால்வோடு இணைந்திருக்கும். வண்டி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்துப் பின்பிரேக்குக்கு அழுத்தம் அனுப்புவது அதன் வேலை. பட்டை கூடி, பின்பக்கம் உயர்ந்தே நின்றால் வால்வு வண்டி காலி என்று நினைத்துக்கொள்ளும், பின்பிரேக் குறையும். பட்டை போட்டே ஆக வேண்டுமென்றால் அந்தக் கம்பியையும் திரும்ப அளந்து சரிசெய்யச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு கூட்டல் போடுங்கள்: ஐந்து பேர், ஆளுக்கு 70 கிலோ, கேரியர் 45 கிலோ. சரக்கு ஏறும் முன்பே கிட்டத்தட்ட 400 கிலோ.

கேள்வி: அவசரத்துக்குக் கூரைமேல் கம்பளி விரித்து, கதவுகள் வழியாகக் கயிறு விட்டுக் கட்டலாமா?

பதில்: தெரு முனை வரை நடந்து போகும் வேகத்தில். கதவைக் கயிறு இழுத்துப் பிடித்திருந்தால் பின்சீட்டில் இருப்பவர் அவசரத்தில் வெளியே வர முடியாது.