ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை ஒருபக்கக் கால்களைச் சேர்த்து வைத்து ஓடுகிறது, கோளாறா?

கேள்வி: கனடாவில் ஒன்டாரியோ மாநிலத்தில் சின்னப் பண்ணை வைத்திருக்கிறேன். வண்டிப் பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற ஸ்டாண்டர்ட்பிரெட் குதிரை ஒன்று வாங்கினேன், எட்டு வயது, காயடித்தது. ஓடும்போது ஒரே பக்கத்து முன்னங்காலையும் பின்னங்காலையும் சேர்த்தே எடுத்து வைக்கிறது, உடம்பும் இரு பக்கமும் ஆடுகிறது. இது நோயா? இந்த இனம் பண்ணை வேலைக்கு ஆகுமா?

பதில்: பயப்படாதீர்கள், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பேஸர் வகை. மற்ற குதிரைகள் பெருநடை (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டம்) போகும்போது இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் குறுக்காகச் சேர்ந்து எழும், பேஸருக்கு ஒரே பக்கத்து இரண்டு காலும் ஒன்றாக எழும். ஸ்டாண்டர்ட்பிரெட்டில் இரண்டு வகையும் உண்டு, வட அமெரிக்காவில் பேஸர்தான் அதிகம். 2012-இல் சுவீடன் ஆய்வாளர்கள் டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்துக்கும் இந்த மாதிரி நடைகளுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். கால்களை ஒருங்கிணைக்கும் தண்டுவட நரம்புகளில் அது வேலை செய்கிறது, அதனால் வேகம் கூடினாலும் குதிரை நாலுகால் பாய்ச்சலுக்குத் தாவாமல் அதே நடையில் தாக்குப்பிடிக்கிறது. சல்கி என்ற இரண்டு சக்கர வண்டிப் பந்தயத்துக்கு வேண்டியதே அதுதான், ஏனென்றால் பாய்ச்சலுக்கு மாறிய குதிரையை ஓட்டுபவர் இழுத்துப் பிடித்து மறுபடி நடைக்குக் கொண்டுவர வேண்டும், அதற்குள் மற்றவை முந்திவிடும்.

இனத்தின் வேரைக் கேட்டால், 1788-இல் இங்கிலாந்திலிருந்து பிலடெல்பியாவில் வந்திறங்கிய மெசெஞ்சர் என்ற சாம்பல் நிற தரோபிரெட் (ஏறி ஓட்டும் பந்தயக் குதிரை இனம்) பொலிகுதிரையிடம் போக வேண்டும். அதன் வழியில் 1849-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்ததுதான் ஹாம்பிள்டோனியன் 10 என்ற குதிரை. வில்லியம் ரைஸ்டிக் என்ற பண்ணையாள், கால் ஊனப்பட்ட தாயையும் பால்குடிக் குட்டியையும் சேர்த்து 125 டாலருக்கு வாங்கினார், அந்தக் குட்டி பெரிதாகி 1,300-க்கும் மேற்பட்ட குட்டிகளுக்குத் தகப்பன் ஆனது! இன்று அமெரிக்க ஸ்டாண்டர்ட்பிரெட் எதை எடுத்தாலும் அநேகமாக அதன் வாரிசுதான். 1879-இல் வந்த பதிவு விதியும் வேகத்தை வைத்தே போட்டது, ஒரு மைலை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும்.

வேலைக்கு ஆகுமா என்றால், தாராளமாக ஆகும். தரோபிரெட்டைவிட உடம்பு நீளம், கால் எலும்பு தடிமன், குணமும் சாது. உங்கள் ஒன்டாரியோவிலேயே பழைய முறைப்படி குதிரை வண்டியில் போகும் மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்கள் வண்டியில் பூட்டுவது பெரும்பாலும் இந்தக் குதிரையைத்தான். பிடரி மயிரை விலக்கிக் கழுத்தைப் பாருங்கள், வெள்ளை மயிரில் எழுத்தும் எண்ணுமாக உறைமுத்திரை (கடுங்குளிர் இரும்பால் இட்ட அடையாளம்) இருக்கலாம், இருந்தால் அதை வைத்து வயதையும் பந்தய வரலாற்றையும் விசாரித்துக்கொள்ளலாம்.

தீவனத்தில்தான் கவனம் வேண்டும். பந்தயக் காலத்து ஓட்ஸ் அளவை அப்படியே போடாதீர்கள், பத்து நாளில் படிப்படியாகக் குறையுங்கள். 450 கிலோ குதிரை என்றால் நாளைக்கு 7 முதல் 9 கிலோ நல்ல உலர்புல், உப்புக்கட்டி, தண்ணீர். அப்புறம், நடக்கும்போது ஒரு காலை ஊன்றும் ஒவ்வொரு தடவையும் தலை மேலே தூக்கினாலோ, குளம்பு சூடாக இருந்தாலோ அது நடை விஷயம் இல்லை, உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். சேணம் போட்டு ஏறிப் பழக்க நினைத்தால் முதல் சில மாதங்கள் பாய்ச்சலை எதிர்பார்க்க வேண்டாம், இத்தனை வருடம் பாயாதே என்று பழக்கப்பட்ட குதிரை அது.