கர்ப்பத்தின் 10-வது வாரத்தில் சிறுநீரில் புரதம் 1+ என்று வந்தால் என்ன பொருள்?

ஒரே ஒரு முறை 1+ என்று வந்ததை வைத்துச் சிறுநீரகக் கோளாறு என்று முடிவு கட்ட முடியாது. கர்ப்பக் காலத்தில் சிறுநீரகங்கள் வடிகட்டும் அளவு ஏறத்தாழ 50 சதவீதம் கூடுவதால், சிறிதளவு புரதம் வெளியேறுவது இயல்பே. 24 மணி நேரச் சிறுநீரில் 300 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கதாகவே கருதப்படுகிறது.

1+ என்று காட்டுவது, சிறுநீரில் நனைத்ததும் நிறம் மாறும் சோதனைப் பட்டை. அது காட்டுவது புரதத்தின் மொத்த அளவை அல்ல, செறிவை. தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தாலும், வெள்ளைப்படுதல் கலந்திருந்தாலும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் அது 1+ காட்டக்கூடும். ஆகவே பிறப்புறுப்பைத் தண்ணீரால் கழுவி, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுத்து மறுபரிசோதனை செய்வதும், தொற்று உள்ளதா என்று கல்ச்சர் பார்ப்பதும், சிறுநீரில் உள்ள புரதத்துக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதத்தை அளப்பதுமே சரியான வழி. அந்த விகிதம் 0.3-ஐத் தொட்டால் மேலும் ஆராய வேண்டும்.

பலரும் அஞ்சுகிற முன்சூல்வலிப்பு (ப்ரீஎக்ளாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் உயர்ந்து உறுப்புகளைப் பாதிக்கும் நிலை) பொதுவாக 20 வாரங்களுக்குப் பிறகே வரும். அதற்கு முன் தோன்றுவது, முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (கரு சரியாக வளராமல் நச்சுக்கொடித் திசு நீர்க்கொப்புளங்களாகப் பெருகுவது) போன்ற அரிய நிலைகளில்தான். எனவே இப்போதே புரதம் தொடர்ந்து வெளியேறினால், கர்ப்பத்துக்கு முன்பே இருந்த நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய்) அல்லது சிறுநீரக நோயைத்தான் மருத்துவர் முதலில் தேடுவார். அப்படி ஏதேனும் உறுதியானால், பின்னாளைய முன்சூல்வலிப்பைத் தடுக்க 12-வது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் பரிந்துரைக்கப்படுவதுண்டு. அதைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. பருப்பையும் முட்டையையும் நிறுத்தச் சொல்லும் அக்கம்பக்கத்து அறிவுரைக்கு இதில் இடமே இல்லை. ரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டினாலோ, முகம் வீங்கினாலோ, காய்ச்சலுடன் விலாப்பகுதி வலித்தாலோ, அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.