வாங்கிய பத்தே நாளில் சூடேறும் டீசல் ஸ்விஃப்ட்

வணக்கம் நண்பரே. ஒருவரிடம் நேரடியாக வாங்கிய பழைய டீசல் ஸ்விஃப்ட் பத்தே நாளில் சூடேறுகிறது, மெக்கானிக் பார்த்தவுடனேயே ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது என்கிறார், விற்றவர் பிடிகொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே வருத்தமாக இருக்கிறது.

முதலில் வண்டியை ஓட்டாதீர்கள். சூட்டோடு ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும், செலவு அங்கேதான் எகிறும். இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் வேறொரு மெக்கானிக்கிடம் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் ஃபேன், மூடி, வாட்டர் பம்ப், எது பழுதானாலும் இப்படித்தான் சூடேறும். ஆனால் செலவு மிகக் குறைவு. ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறப் படிவு, நிற்காத வெள்ளைப் புகை, வெளியே கசிவே இல்லாமல் கூலன்ட் குறைவது, இவை இருந்தால் கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம். சோதிக்காமல் தீர்ப்பு சொன்னவரை நான் நம்பமாட்டேன். ஹெட்டைக் கழற்றியே ஆகவேண்டுமென்றால், லேத்தில் சமதளம் பார்க்காமல் திரும்ப மாட்ட விடாதீர்கள்.

விற்றவர் வியாபாரி இல்லை என்பதால் நுகர்வோர் நீதிமன்றம் பெரும்பாலும் உதவாது. தெரிந்தே பழுதை மறைத்தார் என்று காட்ட முடிந்தால் சிவில் வழக்குக்கு இடமுண்டு. வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காதீர்கள், மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். பிறகு செலவில் பாதியைக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, 30-இல் விற்றவர் கையெழுத்து வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் சண்டைக்கு முன் அதை முடியுங்கள். வாங்கிய நாளிலிருந்து ஆர்சி பெயர் மாற்றத்துக்கு 30 நாள் இருக்கிறது, இன்சூரன்ஸ் மாற்ற 14 நாள்தான்.